பணவீக்கம் குறைந்தால் விலை குறையாது

பணவீக்கம் குறைந்தால் விலையும் குறையும் என்று நம்பி ஏமாந்து என்னிடம் வந்தவர்கள் இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர். போன வாரம் வந்தவர் அச்சகம் நடத்துகிறார். பதினைந்து வருடமாக அவருடைய கணக்குகளை நான்தான் பார்க்கிறேன். உட்கார்ந்ததும் பையைத் திறந்து இரண்டு தாள்களை மேசையில் வைத்தார். ஒன்று, ஒரு பெரிய நிறுவனத்துக்கு இரண்டு வருடம் ஒரே விலையில் அச்சடித்துத் தருவதாக, ஒரு வருடத்துக்கு முன்பு அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். இன்னொன்று, அதே வாரத்தில் வந்த செய்தித்தாள் துண்டு. 'பணவீக்கம் 9 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகச் சரிந்தது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"சார், விலை இறங்குதுன்னுதானே போட்டிருக்கான்? அதை நம்பித்தான் பழைய காகித விலையைப் போட்டு கொட்டேஷன் கொடுத்தேன். ஒரு வருஷமாச்சு, இறங்கவே இல்லையே?"

விலை இறங்குகிறது என்று அந்தச் செய்தியில் எங்குமே இல்லை. பணவீக்கம் இறங்குகிறது என்றுதான் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து எத்தனை பேர் பணத்தை விட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் மனசு ஆறவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலை ஏறும் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது, இப்போது 20-இல் ஏறுகிறது. வேகம் குறைந்துவிட்டது, சரி. ஆனால் வண்டி இன்னமும் மேலேதான் போகிறது. விலைவாசி என்பது வண்டி இருக்கும் உயரம். பணவீக்கம் என்பது அது ஏறும் வேகம். கீழே விட்டுவந்த ஊருக்கு அது திரும்பி வரப்போவதில்லை.

கணக்காகவும் பார்த்துவிடலாம். போன வருடம் 100-க்கு வாங்கிய பொருள், 9 சதவீதப் பணவீக்கத்தில் 109 ஆகிறது. அடுத்த வருடம் பணவீக்கம் 4 சதவீதமாகக் 'குறைகிறது'. இந்த 4 சதவீதம் 109-இன் மேல் ஏறுகிறது, பழைய 100-இன் மேல் இல்லை. ஆக 113.36. பணவீக்கம் சுழியத்துக்கே போனாலும் விலை 113-இல் அப்படியே நிற்கும், அவ்வளவுதான். அது பழையபடி 100-க்கு வர வேண்டுமென்றால் பணவீக்கம் சுழியத்துக்கும் கீழே போக வேண்டும். அதற்குப் பெயர் பணவாட்டம். அது வந்தால் யாரும் சந்தோஷப்பட மாட்டார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

உண்மையில் நடந்ததையும் பாருங்கள். அமெரிக்காவில் 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. சரியாக ஒரு வருடம் கழித்து, 2023 ஜூனில், 3 சதவீதமாகக் குறைந்தது. பொருளாதார வல்லுநர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். கடைக்குப் போன மக்களோ கோபமாகவே இருந்தார்கள். இரண்டு தரப்பும் சொன்னது சரிதான். விலைகள் முந்தைய ஜூனில் இருந்ததைவிட இன்னும் 3 சதவீதம் கூடுதலாகத்தான் இருந்தன. ஏற்கெனவே ஏறிய 9.1 சதவீதம் எங்கும் போய்விடவில்லை.

அச்சகக்காரரின் கணக்குக்கு வருவோம். அவர் 100-க்குக் கொட்டேஷன் கொடுத்தால் அதில் 60 காகிதத்துக்கு, 30 கூலி, மின்சாரம், வாடகைக்கு, 10 லாபம். அந்த 60 என்பது விலையேற்றத்துக்கு முந்தைய காகித விலை. கையெழுத்துப் போட்ட அன்றே காகிதம் 65.4 ஆகியிருந்தது. அது அவருக்கும் தெரியும். நாலைந்து மாதம் லாபம் குறைந்தாலும் பரவாயில்லை, விலை பழைய நிலைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார். ஒரு வருடத்தில் காகிதம் 68 ஆனது. கூலியும் மற்றதும் 31.2 ஆனது. 100-இல் மிச்சம் 0.8. இதில் ஓவர் டிராஃப்ட் வட்டியை, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் வங்கியிலிருந்து எடுத்த பணத்துக்கான வட்டியை, நான் இன்னும் கழிக்கவே இல்லை. மெஷின் ராத்திரி பகலாக ஓடுகிறது, ஆர்டர் நிறைய இருக்கிறது, ஆனால் அந்த ஆர்டரில் ஒவ்வொரு தாளும் நஷ்டத்தில்தான் வெளியே போகிறது.

இடையில் ஒரு விஷயம். செய்தியில் வரும் பணவீக்கம் ஒரு சராசரி. உணவு, வாடகை, போக்குவரத்து, மருத்துவம் எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டு எடுக்கும் கணக்கு. உங்கள் தொழிலின் கூடை வேறு. காகிதம், உலோகம், எண்ணெய் போன்றவற்றின் விலை தனியாக ஏறும், சில சமயம் நன்றாக இறங்கவும் செய்யும். பொதுப் பணவீக்கத்தைப் பார்த்து உங்கள் மூலப்பொருளின் விலையை ஊகிக்காதீர்கள். உங்கள் கொள்முதல் பில்களை மாதவாரியாக அடுக்கிப் பாருங்கள். அதைவிட நல்ல குறியீடு உங்களுக்குக் கிடைக்காது.

அடுத்த கேள்வியை எல்லாரும் கோபமாகவே கேட்கிறார்கள்: "விலைதான் ஏறுதுன்னா, வட்டியையும் எதுக்கு சார் ஏத்துறாங்க? வெந்த புண்ணுல வேல் பாய்ச்சுற மாதிரி?" வட்டியை ஏற்றுவது வலிக்க வேண்டும் என்பதற்காகத்தான். கடன் வாங்கும் செலவு ஏறினால் வாங்குவதைத் தள்ளிப்போடுவார்கள், தொழிலை விரிவாக்குவதை நிறுத்துவார்கள், ஆள் எடுப்பதைக் குறைப்பார்கள். தேவை தணியும்போது விலை ஏற்றும் துணிச்சலும் தணியும். வட்டியை ஏற்றி இறக்கும் மத்திய வங்கியால் ஒரு மூட்டை தானியத்தைக்கூட விளைவிக்க முடியாது, ஒரு பீப்பாய் எண்ணெயைத் தோண்டி எடுக்க முடியாது. அதன் கையில் இருப்பது தேவைப் பக்கத்துப் பிரேக் மட்டும்தான்.

அந்தப் பிரேக்கை எவ்வளவு அழுத்த வேண்டியிருக்கும் என்பதற்கு 1980-களின் தொடக்கம்தான் பாடம். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் தொடங்கிய எண்ணெய் ஏற்றுமதித் தடையால் எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கானது. அந்தப் பத்தாண்டு முழுக்கப் பல நாடுகளில் விலைவாசி அடங்கவே இல்லை. விலை ஏறும் என்று தொழிலாளர்கள் கூடுதல் சம்பளம் கேட்டார்கள், சம்பளம் ஏறும் என்று முதலாளிகள் முன்கூட்டியே விலையை ஏற்றினார்கள். எதிர்பார்ப்பே பணவீக்கத்தை வளர்த்தது. 1979 ஆகஸ்டில் பால் வோல்கர் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவரானார். வட்டியை ஏறத்தாழ 20 சதவீதம் வரை ஏற விட்டார். 1980-இல் 14 சதவீதத்தைத் தாண்டியிருந்த பணவீக்கம் 1983-இல் 3 சதவீத அளவுக்கு வந்தது. அதற்குக் கொடுத்த விலை? 1982 இறுதியில் வேலையில்லாதோர் 10.8 சதவீதம். அந்தச் சதவீதத்துக்குள் எத்தனை குடும்பங்கள் இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். பணவீக்கத்தை ஆரம்பத்திலேயே பிடிக்க வேண்டும் என்று மத்திய வங்கிகள் இன்று அவசரப்படுவதன் காரணம் அந்த நினைவுதான். பணவீக்கத்தை இந்த அளவுக்குள் வைப்போம் என்று முன்கூட்டியே அறிவிப்பதுதான் பணவீக்க இலக்கு. 1990-இல் நியூசிலாந்து தொடங்கி வைத்த அந்த வழக்கத்தை அப்புறம் பல நாடுகள் எடுத்துக்கொண்டதும் அதற்காகத்தான்.

சரி, அப்படியானால் விலைகள் உண்மையிலேயே இறங்கட்டுமே என்கிறீர்களா? ஜப்பானைப் பாருங்கள். 1990-களின் இறுதியிலிருந்து பல வருடங்கள் அங்கே விலைகள் இறங்கியும் அசையாமலும் கிடந்தன. நாளைக்கு இன்னும் மலிவாகும் என்றால் இன்று யார் வாங்குவார்கள்? வியாபாரம் படுத்தது, சம்பளமும் அசையவில்லை. 2016-இல் மத்திய வங்கி வட்டியைச் சுழியத்துக்கும் கீழே கொண்டுபோனது. அதிலிருந்து வெளியே வர 2024 மார்ச் ஆனது. அங்கே கடன் வாங்கியவனுக்கு விலை இறங்கியதுபோல அசல் இறங்கவில்லை. அதுதான் பணவாட்டத்தின் கொடுமை.

இப்போது கடன். ஒரு இளம் தம்பதி, இருவருக்கும் வேலை. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியிருந்தார்கள். "வட்டி ஏறிச்சுன்னு எல்லாரும் புலம்புறாங்க சார், எங்க தவணை மட்டும் ஏறவே இல்லை" என்று மகிழ்ச்சியாகச் சொன்னார்கள். கடன் கணக்கை வாங்கிப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது.

அவர்களுடைய எண்களைச் சொல்லாமல் ஒரு மாதிரிக் கணக்குச் சொல்கிறேன். 10 லட்சம் கடன், 20 வருடம், 6.5 சதவீத வட்டி. மாதத் தவணை 7,456. முதல் மாதம் அதில் 5,417 வட்டிக்குப் போகும், 2,039 அசலில் கழியும். ஆரம்பத்திலேயே வட்டி 8.5 சதவீதமாக ஏறிவிட்டது, தவணையை மட்டும் மாற்றவில்லை என்று வையுங்கள். இப்போது வட்டிக்கே 7,083 போய்விடும். அசலில் கழிவது 373. அதே தவணையைக் கட்டிக்கொண்டு வந்தால் கடன் முடிய 35 வருடத்துக்கு மேல் ஆகும். வட்டி 9 சதவீதம் ஆனால்? மாத வட்டி 7,500, தவணை 7,456. ஒழுங்காகக் கட்டக் கட்ட கடன் வளரும். தவணை ஏறவில்லை என்றால் காலம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். தயவுசெய்து இன்றைக்கே உங்கள் கடன் கணக்கை எடுத்து, கடைசித் தவணைத் தேதி என்ன என்று பாருங்கள்.

வட்டி குறைவாக இருந்தபோது "இனிமேல் இப்படித்தான் சார், உலகம் மாறிடுச்சு" என்று எனக்கே பாடம் நடத்தியவர்கள் உண்டு. ஐரோப்பிய மத்திய வங்கி 2014 ஜூனிலிருந்து எட்டு வருடம் தன் வைப்பு வட்டியை, அதாவது மற்ற வங்கிகள் தன்னிடம் போடும் பணத்துக்கான வட்டியை, சுழியத்துக்குக் கீழேயே வைத்திருந்தது. எட்டு வருடம் என்பது எல்லாரும் பழகிப்போகப் போதுமான காலம். 2022 ஜூலையில் ஏற்றத் தொடங்கி, 2023 செப்டம்பரில் 4 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. பதினான்கே மாதம். இருபது வருடக் கடனில் இப்படி ஏற்றமும் இறக்கமும் பல தடவை வரும்.

அப்படியென்றால் இந்த ஏற்ற இறக்கச் சுழற்சியைப் பார்த்து, சரியான நேரத்தில் கடன் வாங்கி, சரியான நேரத்தில் முதலீடு செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அமெரிக்காவில் மந்தநிலை எப்போது தொடங்கியது என்று தீர்மானிக்கவே தேசியப் பொருளாதார ஆய்வு அமைப்பில் ஒரு குழு இருக்கிறது. 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தநிலையை அவர்கள் அறிவித்தது 2008 டிசம்பரில். அது 2009 ஜூனில் முடிந்ததை அறிவித்தது 2010 செப்டம்பரில். எல்லாப் புள்ளிவிவரத்தையும் கையில் வைத்திருப்பவர்களுக்கே ஒரு வருடம் ஆகிறது. வட்டி மாற்றத்தின் முழு விளைவு தெரியவும் அதே மாதிரி ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகலாம். வட்டியைக் குறைத்த மறுநாளே வியாபாரம் துள்ளிக் குதிக்கும் என்று சரக்கை வாங்கி அடுக்கியவர்களின் ஸ்டாக் பட்டியலை ஒவ்வொரு சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சேமிப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. வைப்பு வட்டி 7 சதவீதம், பணவீக்கம் 9 சதவீதம் என்றால் உங்கள் பணம் கரைந்துகொண்டிருக்கிறது. வைப்பு வட்டி 5, பணவீக்கம் 3 என்றால் வளர்ந்துகொண்டிருக்கிறது. பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், இரண்டையும் கழித்துப் பாருங்கள். வரி இருந்தால் அதையும் கழியுங்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், ஒரு வருடத்துக்கு மேல் ஓடும் எந்த ஒப்பந்தத்திலும் விலை மாற்ற ஷரத்து இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மூலப்பொருள் இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறினால் விலையைத் திருத்துவோம் என்ற ஒற்றை வரி போதும். கேட்டால் ஆர்டர் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். நஷ்டத்தில் ஓடும் ஆர்டரைக் காப்பாற்றி என்ன செய்யப் போகிறீர்கள்? மாறும் வட்டியில் கடன் வாங்கும்போது இன்றைய வட்டியோடு 3 சதவீதம் கூட்டித் தவணை போட்டுப் பாருங்கள். அதைக் கட்ட முடியாது என்றால் கடன் தொகையைக் குறையுங்கள். வட்டி ஏறினால் தவணை ஏறுமா, காலம் நீளுமா என்று வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்ட முடிந்தால் தவணையையே ஏற்றச் சொல்லுங்கள். ஓவர் டிராஃப்ட்டில் மெஷின் வாங்காதீர்கள். இதைப் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் வாங்குகிறார்கள். பத்து வருடம் உழைக்கும் பொருளுக்கு, எப்போது வேண்டுமானாலும் வட்டி ஏறக்கூடிய, எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கக்கூடிய பணத்தைப் போடுவது கழுத்தில் கயிற்றை மாட்டிக்கொள்வது போல. வியாபாரம் நன்றாக ஓடும் வருடத்தில் ஆறு மாதச் சம்பளத்துக்கும் வாடகைக்கும் பணம் ஒதுக்கி வையுங்கள். மந்தம் வரும்போது வங்கியும் கையை இறுக்கிக்கொள்ளும், அப்போது போய் நிற்க முடியாது.

அச்சகக்காரர் விஷயத்தில், அந்த நிறுவனத்திடம் நேராகப் பேசச் சொல்லியிருக்கிறேன். ஒரு வருடக் காகித பில்களைத் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்திருக்கிறேன். மீதி ஒரு வருடத்துக்குக் காகித விலையை மட்டுமாவது தனியாகப் பிரித்துப் போடச் சம்மதிப்பார்களா என்று கேட்கப் போகிறார். எழுந்து போகும்போது, நாளைக்கு இன்னொரு இடத்தில் மூன்று வருடக் கொட்டேஷன் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றார். கொடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு தடவை காட்டுங்கள் சார் என்றேன். உங்களிடமும் அதையேதான் கேட்கிறேன். உங்கள் கணக்கைப் பார்ப்பவர் யாராக இருந்தாலும், கையெழுத்துக்கு முந்தின நாள் அந்தத் தாளை அவரிடம் கொடுங்கள். படித்துப் பார்க்க அரை மணி நேரம்கூட ஆகாது.