துவக்கைத் தொடாதவருக்கும் வழக்கு வரும்

போன இலையுதிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, அலுவலகக் கதவைத் திறக்கும் முன்பே தொலைபேசி அடித்தது. "தம்பி, நான் துவக்கைத் தொடவே இல்லை. ஏன் என்ர பேரிலயும் வழக்கு எழுதினவை?"

நான் கனடாவின் ஒன்ராறியோவில் பாராலீகல், அதாவது சிறு வழக்குகளில் ஆஜராக உரிமம் பெற்றவன். வேகமாக ஓட்டிய டிக்கெட்டுகள்தான் என் அன்றாடச் சோறு. இடைக்கிடை வேட்டை வழக்கும் வரும். (ஆளை அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) போன் எடுத்த அண்ணையோடு வேலை செய்யும் நண்பர் மெட்டிஸ் இனத்தவர், கனடாவின் பழங்குடி மக்களில் ஒரு பிரிவு. "வேட்டைக்கு எங்களுக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்று நண்பர் சொன்னதை, "எங்களோடு வாறவைக்கும் வேண்டாம்" என்று இவர் எடுத்துக்கொண்டார். இருவரும் வேட்டைக்குப் போன இடத்தில், சேற்றில் மூஸின் (பெரிய மான் வகை) குளம்படியைப் பார்த்துப் பின்தொடர்ந்தது இவர். தொலைநோக்கியால் அதைக் கண்டுபிடித்துக் கைகாட்டியதும் இவர்தான். ஒன்ராறியோ வனவிலங்குச் சட்டத்தில் விலங்கைத் தேடுவது, பதுங்கிக் காத்திருப்பது, தடம்பிடித்துப் போவது எல்லாமே வேட்டைதான். சுட்டிருக்கவேண்டும் என்றில்லை. தண்டம் 25,000 டொலர் வரை போகலாம், சிறையும் உண்டு. "சும்மா கூடப் போனேன்" என்பது அங்கே எடுபடாது.

சரி, நண்பருக்கு மட்டும் ஏன் லைசென்ஸ் வேண்டாம்?

எழுத்தில் மெட்டிஸ், வாயில் 'மேட்டி' என்றுதான் வரும். மணிப்பூரின் மெய்திகளோடு குழப்பவேண்டாம். விலங்குத் தோல், ரோம வியாபாரத்துக்கு வந்த ஐரோப்பியருக்கும் முதற்குடிப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள், தலைமுறைகள் போக, தமக்கென்று வாழ்முறையும் மிச்சிஃப் மொழியும் கொண்ட தனி மக்களானார்கள். கனடாவின் 1982 அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு அவர்களைப் பெயர் சொல்லியே ஏற்றது. ஆனால் காட்டுக்குள் அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று தெரிய இன்னும் 21 வருடங்கள் ஆயின.

1993 ஒக்டோபர் 22, காலை ஒன்பது மணி கடந்த நேரம். ஒன்ராறியோவின் சூ செயின்ட் மரி நகருக்குப் பக்கத்தில் ஸ்டீவ் பவுலி என்ற மெட்டிஸ்காரரும் மகன் ரொடியும் ஓர் ஆண் மூஸைச் சுட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். லைசென்ஸ் இல்லை. ஸ்டீவ் அதன் காதில் கைப்பட எழுதிய சீட்டு ஒன்றைக் கட்டினார்: தேதி, நேரம், இடம், குளிர்காலத்துக்கான இறைச்சி என்ற குறிப்பு, கையெழுத்து, தன் மெட்டிஸ் சங்க உறுப்பினர் எண். ஒரு கிழமையில் வழக்குப் பாய்ந்தது. 2003 செப்டம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துப் பவுலிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள்.

எனக்கு அந்தச் சீட்டுத்தான் பெரிய விஷயம். ஒளித்துச் சுட்டவன் செய்கிற வேலையா அது? லைசென்ஸ் எடுக்கவில்லையே தவிர, எங்கே, எப்போது என்று விதி கேட்கிற கணக்கையும், எதற்காக என்று அதற்கு மேலும் எழுதிவைத்தார்.

தீர்ப்பு யாருக்கும் திறந்த காடு கொடுக்கவில்லை. பாட்டனுக்குப் பாட்டி பழங்குடி என்று மரபணுச் சோதனை காட்டினால் போதாது. தன்னை மெட்டிஸ் என்று சொல்லிவந்திருக்க வேண்டும், அதுவும் வழக்கு வந்த பிறகு அல்ல. வரலாற்றில் இருந்த ஒரு மெட்டிஸ் சமூகத்தோடு வம்சத் தொடர்பு வேண்டும். இன்றைய சமூகம் அவரை ஏற்கவும் வேண்டும். உரிமை அந்தச் சமூகத்துடையது, அதன் நிலத்தோடு ஒட்டியது. மனிட்டோபா மாகாணத்தில் வில் குடன் என்ற மெட்டிஸ்காரர், சுட்ட ஒரு வாத்துக்காக வழக்காடி 2009இல் வென்றார். அல்பேர்ட்டா மாகாணத்தின் தெற்கில் ஒரு மானுக்காக வாதாடிய ஹிர்சேகோர்ன் 2013இல் தோற்றார், அந்த இடத்தில் உரிமை நிரூபணமாகவில்லை என்று. ஆகவே நண்பரால் தன் உரிமையை அண்ணைக்கு இரவல் கொடுக்கமுடியாது. அது அவருடைய கார் இல்லை.

கட்டுப்பாட்டை நீதிமன்றம் புதிதாகக் கொண்டுவரவில்லை. 1840இல் ரெட் ரிவரிலிருந்து (இன்றைய வினிபெக் பகுதி) எருமை வேட்டைக்குக் கிளம்பிய மெட்டிஸ் கூட்டத்தில் 1,210 வண்டிகள், 1,630 பேர். அவர்களே எழுதிய சட்டத்தில், பொது உத்தரவு வரும் முன் எவரும் மந்தைக்குள் பாயக்கூடாது. முதல் தடவை மீறினால் சேணத்தையும் கடிவாளத்தையும் வெட்டிப்போடுவார்கள். இரண்டாம் தடவை கோட்டைக் கழற்றி வெட்டுவார்கள், மூன்றாவதற்குக் கசையடி. ஒருவன் அவசரப்பட்டால் மந்தை கலைந்து, எல்லார் வீட்டிலும் பெமிக்கன் (கொழுப்பு சேர்த்த உலர் இறைச்சி) இல்லாமல் போகும். நடுப் புல்வெளியில் சேணமில்லாமல் வீடு திரும்புவதை யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் அண்ணை இன்னொன்று கேட்டார்: "இறைச்சிக்கு நான் இ-டிரான்ஸ்ஃபர் அனுப்பினனான். அது பரவாயில்லையோ?" தலையில் கைவைத்தேன். வங்கி வழியாக அனுப்பிய அந்தக் காசின் குறிப்பில் "மூஸ்" என்று வேறு எழுதியிருந்தார். பவுலி தீர்ப்பு ஏற்றது உணவுக்காக வேட்டையாடும் உரிமையை, விற்பதை அல்ல. காட்டு இறைச்சியை வாங்குபவரும் குற்றவாளி, இந்த வகை வழக்குகளின் தண்டம் இன்னும் பெரிது. பெட்ரோலுக்கு அனுப்பிய காசு என்று இருவரும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் வங்கிப் பதிவில் பெட்ரோல் என்று இல்லை.

இன்னொருவரின் உரிமை வேட்டைக்கு உங்களை யாராவது கூப்பிட்டால் முகாமில் இருங்கள், தேநீர் போடுங்கள். தடம் பார்க்கவே ஆசையென்றால் பயிற்சி முடித்து, உங்கள் பெயரில் அவுட்டோர்ஸ் கார்டும் (வேட்டைக்கான அடையாள அட்டை) லைசென்ஸும் எடுத்துக்கொண்டு போங்கள். குளிர்பெட்டிக்கு இறைச்சி வந்தால் அன்பளிப்பாக வரட்டும், காசுப் பேச்சு வேண்டாம். மூஸின் ஈரலையும் சிறுநீரகத்தையும் மட்டும் ஒதுக்கிவிடுங்கள், காட்மியம் சேர்ந்திருக்கும்.

வழக்கு இன்னும் நடக்கிறது. அண்ணை பயிற்சி வகுப்புக்குப் பதிந்துவிட்டார். கூட்டிப்போகிறவர் அதே நண்பர்தானாம்.