மயில்கழுத்துப் பட்டும் பதினேழு பேரின் கண்களும்

கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். மணப்பெண்ணுக்கு மயில்கழுத்து நிறப் பட்டு. கடை மானிட்டரில் அது அசல் மயில்கழுத்து. வீட்டு லேப்டாப்பில் பச்சை. லேபிலிருந்து அச்சாகி வந்த ஆல்பத்தில் மங்கிய நீலம். ‘உங்கள் மானிட்டர் சரியில்லை’ என்கிறது லேப், ‘உங்கள் மெஷின் சரியில்லை’ என்கிறார் இவர், பெண்வீட்டாருக்கு இருவர்மீதும் கோபம். யார் சொல்வது சரி என்று கேட்கிறார்.

போட்டோ கோப்புக்குள் இருப்பது நிறம் இல்லை, எண்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், 0 முதல் 255 வரை. ‘பச்சை 180’ என்றால் ‘உன்னிடம் இருக்கிற பச்சைக் குழாயை இவ்வளவு திற’ என்று அர்த்தம். அந்தக் குழாயில் என்ன பச்சை வருகிறது என்பது அந்தந்த மானிட்டரின் பாடு. எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-ல் எஸ்ஆர்ஜிபி என்று ஒரு பொது வரையறையை முன்வைத்தன. இணையத்தில் நாம் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை அதை நம்பித்தான் பிழைக்கின்றன. ஆனால் வரையறை இருப்பது தாளில். மேஜை மேல் இருக்கிற மானிட்டர் தன் இஷ்டத்துக்குத்தான் இருக்கும்.

‘இருபது வருட அனுபவம், கண்ணாலேயே சரிபண்ணிவிடுவேன்’ என்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் திறமையில் சந்தேகம் இல்லை, கண்ணில்தான் சந்தேகம். குண்டு பல்பு வெளிச்சத்திலும் நடுப்பகல் வெயிலிலும் வேட்டி வெள்ளையாகவே தெரிகிறது. முதலாவதில் அது ஆரஞ்சு ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. மூளை அதைக் கழித்துவிட்டுக் காட்டுகிறது. நீலம் தூக்கலான மானிட்டர் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அதுவும் வெள்ளையாகிவிடும். பழகிப்போகிற கண்ணை அளவுகோலாக வைக்க முடியாது.

அப்படியானால் எதை வைப்பது? எனக்கு மிகவும் பிடித்த கதை இங்கேதான் வருகிறது.

1920களின் லண்டன். இம்பீரியல் கல்லூரியில் ரைட் என்பவரும், டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் கில்ட் என்பவரும் தனித்தனியாக ஒரே வேலையைச் செய்தார்கள். இருட்டில் உட்கார்ந்து ஒரு சின்ன வட்டத்தைப் பார்க்க வேண்டும். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் நகம் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் வட்டம். அதன் ஒரு பாதியில் நிறமாலையிலிருந்து எடுத்த ஒற்றை நிறம். மறுபாதியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகளின் கலவை. மூன்று விளக்குகளையும் கூட்டிக் குறைத்து, நடுக்கோடு மறையும்வரை இரண்டு பாதியையும் பொருத்த வேண்டும். பொருந்தியதும் மூன்று அளவுகளையும் எழுதிக்கொள்வார்கள். அப்புறம் அடுத்த நிறம்.

இது ஏன் முடிகிறது என்றால், நம் விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் மூன்றே வகை. வெளியே ஒளி எவ்வளவு சிக்கலாக இருந்தாலும் மூளைக்குப் போவது மூன்று சமிக்ஞைகள்தான். அந்த மூன்றும் ஒத்துப்போனால் இரண்டு வேறு வேறு ஒளிகள் நமக்கு ஒரே நிறம். எலுமிச்சம்பழத்தின் மஞ்சளும் மானிட்டர் காட்டும் மஞ்சளும் இயற்பியல்படி ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை. மானிட்டரில் மஞ்சள் விளக்கு கிடையவே கிடையாது. நம் கண்ணின் இந்த ஏமாளித்தனத்தில்தான் டிவி, செல்போன் எல்லாம் ஓடுகின்றன.

ஆனால் நிறமாலையில் ஓர் இடத்தில் சோதனை முரண்டு பிடித்தது. நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே, சுமார் 500 நானோமீட்டர் பக்கத்தில், நீல விளக்கையும் பச்சை விளக்கையும் எப்படிக் கலந்தாலும் கலவை வெளுத்தே தெரிந்தது. எதிர்ப்பாதியின் அழுத்தம் வரவில்லை. சிவப்பைப் பூஜ்யமாக்கியும் போதவில்லை. இன்னும் குறைக்க வேண்டும், பூஜ்யத்துக்குக் கீழே. ஒளியை எப்படி மைனஸ் செய்வது? சிவப்பு விளக்கை எடுத்து எதிர்ப்பாதியில் சேர்த்துவிட்டார்கள்! தராசில் ஒரு தட்டிலிருந்து எடுக்க முடியாத எடையை மறு தட்டில் வைக்கிற அதே கைவேலை. நடுக்கோடு மறைந்தது. நோட்டில் சிவப்புக்கு மைனஸ் குறி விழுந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வரும்.

ரைட்டிடம் 10 பேர் பார்த்தார்கள், கில்டிடம் 7 பேர். இருவரும் வைத்த விளக்குகள் வேறு வேறு. ஆனால் கணக்கைப் பொதுவான விளக்குகளுக்கு மாற்றிப் பார்த்தால் முடிவுகள் அழகாக ஒத்துப்போயின. 1931-ல் சிஐஇ எனும் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் அதைச் சராசரியாக்கி, மைனஸ் எண் வராதபடி எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று கற்பனை அச்சுகளுக்கு மாற்றி, ‘நியமப் பார்வையாளர்’ என்று அறிவித்தது. மொத்தம் 17 ஜோடிக் கண்கள். இன்றைக்கு உங்கள் செல்போன் திரையின் நிறமும் கடைசியில் அந்தப் பதினேழு பேரிடம்தான் போய் நிற்கிறது. (ராசிபலனில் ‘அதிர்ஷ்ட நிறம் பச்சை’ என்று போடுபவர்கள் இந்த எக்ஸ், ஒய், இசட் மதிப்பையும் சேர்த்துப் போட்டால் நானும் ஒரு நாள் முயன்று பார்ப்பேன். எந்தப் பச்சை என்றே சொல்லாமல் அதிர்ஷ்டம் எப்படி வரும்?)

சரி, மானிட்டருக்கு வருவோம். கலரிமீட்டர் என்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கருவி. உள்ளே ஒளி உணரிகள், அவற்றின் மேல் நிற வடிகட்டிகள். வடிகட்டிகள் சேர்ந்து அந்த நியமப் பார்வையாளரைப் போலப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. நூற்றுக்கு நூறு அப்படி வடிகட்டி செய்ய முடியாது. பழைய மானிட்டருக்குள் மெல்லிய குழல்விளக்கு, அப்புறம் நீல எல்இடி மேல் மஞ்சள் பாஸ்பர், இப்போது குவான்டம் டாட், ஓஎல்இடி என்று ஒளி மாற மாற, கருவியின் பிழையும் மாறுகிறது. அதனால் மென்பொருளில் உங்கள் பேனல் வகைக்கான திருத்தக் கோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கருவி வாங்கிவிட்டோம், எல்லாம் அது பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள்.

அடுத்தது, எல்லோரும் குழப்பிக்கொள்கிற இரண்டு சொற்கள்: கேலிப்ரேஷன், ப்ரொஃபைல். நம் வீடுகளில் சுவர்க்கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைத்திருப்போம் அல்லவா? முள்ளைத் திருகிச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தால் அது கேலிப்ரேஷன். ‘இது பத்து நிமிடம் ஃபாஸ்ட்’ என்று தெரிந்து வைத்துக்கொண்டு மனதுக்குள் கழித்துக்கொண்டால் அது ப்ரொஃபைல். மானிட்டருக்கு இரண்டும் வேண்டும். முதலில் வெள்ளை, பிரகாசம், சாம்பல் படிகள் ஆகியவற்றை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவருகிறோம். இதற்கான வளைவுகள் கிராபிக்ஸ் கார்டில் ஏறுகின்றன. பிறகும் மிச்சமிருக்கும் கோணலை அளந்து ஐசிசி ப்ரொஃபைல் என்ற கோப்பில் எழுதுகிறோம். கிம்ப், க்ரிட்டா, டார்க்டேபிள் மாதிரி விவரம் தெரிந்த மென்பொருள்கள் அதைப் படித்து, தேவைப்பட்ட நிறத்துக்கு இந்த மானிட்டரில் எந்த மூன்று எண்களை அனுப்ப வேண்டும் என்று கணக்குப் போடும். ப்ரொஃபைலைப் படிக்காத மென்பொருளில் நிறம் பழையபடி கோணல்தான்.

வேலையைச் செய்ய டிஸ்ப்ளேகால் என்ற மென்பொருள் போதும். இலவசம், மூலநிரலும் திறந்தது. மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடேற்றுங்கள். வெள்ளை டி65 (பகல் வெளிச்சத்தை ஒத்த வெள்ளை), காமா (கருப்பிலிருந்து வெள்ளைக்குப் படிகள் ஏறும் விதம்) 2.2, பிரகாசம் சதுர மீட்டருக்குச் சுமார் 120 கேண்டெலா என்று தொடங்குங்கள். பிரகாசத்தை முடிந்தவரை மானிட்டர் பட்டனிலேயே குறையுங்கள். மென்பொருள் வளைவால் இழுத்தால் சாம்பல் படிகள் தொலைந்து வானம் பட்டைபட்டையாகத் தெரியும். பிறகு கருவியைத் திரையில் தொங்கவிட்டால் நிறக் கட்டங்கள் ஒவ்வொன்றாக மின்னி மறையும், கருவி ஒவ்வொன்றையும் அளக்கும். நீங்கள் காபி குடிக்கலாம்.

நான் முதல்முறை குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ப்ரொஃபைல் தயார்; படங்களைத் திறந்தால் எல்லா முகமும் காய்ச்சல்காரன் மாதிரி. மாலை ஏழு மணிக்குத் தானாக ஓடுகிற இரவு விளக்கு வசதியை அணைக்க மறந்திருக்கிறேன். அளவெடுப்பின் நடுவே அது மெல்ல மெல்லத் திரையை மஞ்சளாக்க, பாதிக் கட்டங்கள் பகலிலும் பாதி இரவிலும் அளக்கப்பட்டிருந்தன. கருவி பாவம், பார்த்ததைத்தான் எழுதியது.

டிஸ்ப்ளேகால் உண்மையில் முகப்பு மட்டும்தான். ஃப்ளோரியன் ஹோக் எழுதியது. உள்ளே உழைப்பது ஆர்கில்சிஎம்எஸ். க்ரேம் கில் என்ற ஒரே மனிதர் பல வருடங்களாக எழுதிப் பராமரித்து வருவது. பல நிறுவனங்களின் கருவிகளோடு பேசும் நிரலையும் அவரே எழுதினார். தயாரித்த நிறுவனம் கைவிட்ட பழைய கருவிகள்கூட இதில் இன்னும் வேலை செய்கின்றன. அது எழுதப்பட்டிருந்த நிரல்மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2, 2020-ல் ஓய்வுபெற்றபோது டிஸ்ப்ளேகாலும் பல லினக்ஸ் தொகுப்புகளிலிருந்து கழன்று விழுந்தது. தன்னார்வலர்கள் பைத்தான் 3-க்கு மாற்றி உயிர்கொடுத்தார்கள். சம்பளம் வாங்கும் எத்தனையோ பேரின் வேலை, சம்பளமே இல்லாத இரண்டு மூன்று பேரின் ஓய்வுநேரத்தில் தொங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வண்ண அளவியல் என்றால் நம் பல்கலைக்கழகங்களில் நிதி கேட்கவே கூச்சப்படுவார்கள். அச்சும் ஜவுளியும் பிழைப்பாக உள்ள ஊர்களில் அந்தக் கூச்சம் தேவையில்லை.

இனி வாசகரின் பட்டுக்கு. மானிட்டருக்கு ப்ரொஃபைல் போட்ட பின், லேபிடம் அவர்கள் மெஷின், தாளுக்கான ஐசிசி ப்ரொஃபைலைக் கேட்டு வாங்குங்கள். கிம்பில் அதை வைத்து ‘சாஃப்ட் ப்ரூஃப்’ (அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் ஒத்திகை) போட்டு, எல்லை மீறும் நிறங்களைக் காட்டச் சொல்லுங்கள். அந்த மெஷினால் அச்சிட முடியாத இடங்களில் திட்டுத்திட்டாக வேறு நிறம் விழும். மயில்கழுத்து இருப்பது நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே, லண்டனில் சிவப்பை எதிர்ப்பக்கம் மாற்றிப் போட்ட அதே வட்டாரத்தில். சாதாரண எஸ்ஆர்ஜிபி மானிட்டருக்கும் அது எட்டாத பக்கம்தான். போதாததற்கு அந்தப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். மணப்பெண் லேசாகத் திரும்பினாலே பச்சை நீலமாகும். பெண்வீட்டார் கேட்டால் முந்தானையில் விழும் அந்தத் திட்டை முதலிலேயே காட்டி, எந்தக் கோணத்து நிறம் ஆல்பத்தில் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.