வீட்டைக் காலி செய்தபின் அட்வான்ஸ்: எவ்வளவு பிடிக்கலாம், எப்போது தர வேண்டும்?

தமிழ்நாட்டில் பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. அட்வான்ஸ் பற்றி அதில் இருப்பது 11-வது பிரிவு. இரண்டே வரிதான். மாத வாடகையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வீட்டைக் காலி செய்து ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

அப்படியென்றால் பத்து மாத அட்வான்ஸ் கேட்பவர்களெல்லாம் சட்டத்தை மீறுகிறார்களா? அவசியமில்லை. அந்தப் பிரிவு ‘மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில்’ என்றுதான் தொடங்குகிறது. பத்து மாத அட்வான்ஸுக்குச் சம்மதித்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு ‘சட்டத்தில் மூன்று மாதம்தானே’ என்று வாதாடுவது கடினம். மூன்று மாதக் கணக்கைப் பேச வேண்டிய நேரம் டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்புதான்.

சண்டை பெரும்பாலும் தொகையில் வருவதில்லை, பிடித்தத்தில்தான் வருகிறது. அதில் முதலிடம் பெயிண்டிங்குக்கு. ‘காலி செய்தால் ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்குப் பிடிப்போம்’ என்பது பல ஊர்களில் எழுதப்படாத விதிபோல ஆகிவிட்டது. ஆனால் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வெள்ளையடிப்பதையும் கதவு, ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவதையும் உரிமையாளரின் பொறுப்பில்தான் வைக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, மின் வயரிங் ஆகியவையும் அவர் தலையில்தான். வாடகைதாரர் பக்கம் வருபவை சின்னச் சின்ன வேலைகள்: குழாயும் வாஷரும் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, கழிப்பறை, வாஷ்பேசின், கீசர் பழுது, சுவிட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, கைப்பிடி, உடைந்த ஜன்னல் கண்ணாடி, கொசுவலை. இவற்றைச் சரிசெய்யாமல் விட்டுப் போனால் அதற்கான செலவைப் பிடிப்பது நியாயமே.

எனவே பெயிண்டிங் என்று பிடித்தால் முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அதில் அப்படி ஒரு ஷரத்தே இல்லையென்றால், அட்டவணையைக் காட்டி மறுக்கலாம். ஷரத்து இருந்தால் பேரம் பேசும் இடம் குறைந்துவிடும். அப்போதும் எத்தனை ஆண்டு குடியிருந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். ஐந்து வருடம் மனிதர்கள் புழங்கிய சுவர் மங்குவது இயல்பான தேய்மானம். அதைச் சேதம் என்று சொல்ல முடியாது. ஆனால் சுவரில் ட்ரில் போட்டுப் பெரிய ஓட்டைகளாக விட்டது, குழந்தை கிரேயானால் ஹால் முழுக்க வரைந்தது, சமையல் மேடைக் கல்லை உடைத்தது ஆகியவை வேறு கணக்கு. இதில் வாடகைதாரர்களும் கொஞ்சம் நேர்மையாக இருக்க வேண்டும்.

அடுத்த தகராறு ஈபி பில். ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுக்கிறார்கள். நீங்கள் காலி செய்வது நடுவில் ஏதோ ஒரு தேதியில். சாவி கொடுக்கும் அன்று மீட்டரைப் படம் எடுத்து, அந்த நிமிடமே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கடைசியாக எடுத்த ரீடிங் 4310, அன்றைய எண் 4462 என்றால் உங்கள் பங்கு 152 யூனிட். பில்லில் யூனிட் கூடக் கூடக் கட்டண விகிதமும் ஏறும் என்பதால், அடுத்து குடிவருபவரின் யூனிட்டையும் சேர்த்து வந்த பில்லை அப்படியே உங்கள் அட்வான்ஸில் கழிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

‘கடைசி மூன்று மாத வாடகையை அட்வான்ஸிலேயே கழித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு வாடகையை நிறுத்திவிடுவது பலர் கையாளும் வழி. உரிமையாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் இதைவிட நிம்மதியான ஏற்பாடு இல்லை. ஒரு வாட்ஸ்அப் பதில் இருந்தாலும் உதவும். வாய்ச்சம்மதத்தை நம்பி நிறுத்தினால் ஆபத்து. இரண்டு மாத வாடகை பாக்கி வைப்பது வெளியேற்றக் கோருவதற்குச் சட்டம் தரும் காரணங்களில் ஒன்று. அதேபோல ‘பணம் கொடுத்தால்தான் சாவி’ என்று வீட்டைப் பூட்டிவைத்துக்கொண்டால், அந்த மாதங்களுக்கும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும், பிடித்தமும் சேர்ந்து வளரும்.

காலி செய்யும் நாளை இப்படி அமைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் சொன்ன அறிவிப்புக் காலத்துக்கு முன்பே, தேதி குறிப்பிட்டு எழுத்தில் தெரிவியுங்கள். அறிவிப்புக் காலம் குறைந்தால் அந்த நாட்களின் வாடகையைப் பிடிப்பார்கள், அதில் எதிர்த்துப் பேச இடமில்லை. சாமான் ஏற்றியபின், வெறும் வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள்: குழாயைத் திறந்து, சுவிட்சைப் போட்டு, ஜன்னல் கண்ணாடிகளைக் காட்டி. பிறகு ஒரே தாளில் தேதி, ஒப்படைத்த சாவிகளின் எண்ணிக்கை, மீட்டர் ரீடிங், அட்வான்ஸ் தொகை, பிடித்தங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக, மீதி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் தரப்படும் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ‘ரிப்பேர் 20,000’ என்று மொத்தமாக ஒரு வரி எழுதினால் ஏற்காதீர்கள், என்ன ரிப்பேர், பில் எங்கே என்று கேளுங்கள். குடிவரும்போதே எடுத்த வீடியோ ஒன்று இருந்தால் பாதி வாக்குவாதம் அங்கேயே அடங்கிவிடும். அதை யாரும் எடுப்பதில்லை என்பதுதான் சோகம்.

அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுத்து ரசீதும் வாங்காதவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். வங்கி வழியாக அனுப்புங்கள். குறிப்பில் ‘அட்வான்ஸ்’ என்று போடுங்கள். குடியிருக்கும்போது வீடு கைமாறினால், அட்வான்ஸ் யார் பொறுப்பு என்பதைப் பழைய, புதிய உரிமையாளர் இருவரிடமும் எழுதி வாங்கிவிடுங்கள்.

ஒப்பந்தத்தை, இந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதும் இங்கேதான் முக்கியமாகிறது. பதினொரு மாத ஒப்பந்தம் என்றால் பதிவே வேண்டாம் என்பது சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பொருந்தும் கணக்கு. 2017 சட்டத்தின்கீழ் வரும் பதிவு வேறு. அதை இணையதளத்திலேயே விண்ணப்பித்து எண் வாங்கலாம். அப்படிப் பதிவாகாத ஒப்பந்தத்தை, பின்னால் அந்தச் சட்டத்தின்கீழ் சான்றாகக் காட்டுவதில் சிக்கல் வரும்.

ஒரு மாதம் கழிந்தும் பணம் வரவில்லையா? முதலில் தொகை, காலி செய்த தேதி, 11-வது பிரிவு மூன்றையும் குறிப்பிட்டு, 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பி, பட்டுவாடா ஆன சான்றை எடுத்துவையுங்கள். பலன் இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ். அதற்கும் மேல், இந்தச் சட்டம் வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்று தனி அமைப்புகளை வைத்திருக்கிறது. பதிவான ஒப்பந்தம் கையில் இருந்தால் அந்தப் பாதை எளிது. அது இல்லாமல் உரிமையியல் நீதிமன்றத்தில் பண வசூல் வழக்குப் போட நேர்ந்தால் காலக்கெடு மூன்று ஆண்டுகள். காவல் நிலையத்தில் பெரும்பாலும் ‘இது சிவில் விவகாரம்’ என்றுதான் சொல்லி அனுப்புவார்கள்.

வழக்குக்கு முன் பலருக்குத் தோன்றாத ஒரு வழி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. வழக்குத் தாக்கல் ஆவதற்கு முன்பே மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் கோரலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. அங்கே இருவரும் ஒப்புக்கொண்டு பிறப்பிக்கும் உத்தரவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடும் இல்லை. எதிர்த்தரப்பு வர மறுத்தால் அங்கே எதுவும் முடிவாகாது என்பது இதன் பலவீனம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இதே ஆணைக்குழு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்து தரும்.