மூன்று மில்லிமீட்டர் முறுக்கு

ஒரே ஒரு போல்ட்டுதான் பாக்கி. அதுவும் உள்ளே போக மாட்டேன் என்று அடம்பிடித்தது.

புதுச்சேரியில் அரியாங்குப்பம் தாண்டி, கடலூர் சாலையை ஒட்டி ஒரு ஷெட்டு. மச்சானின் பழைய செடான் காருக்குப் பின்பக்க ஸ்டெபிலைசர் பாரை, அதாவது வளைவில் கார் சாய்வதை எதிர்க்கும் கம்பியை, மாற்றிக்கொண்டிருந்தார்கள். காரோடு வந்த பாரைக் கழற்றுவதற்குள்ளேயே பாதி நாள் போய்விட்டது. கடல் காற்று பட்ட கார் என்றால் போல்ட்டெல்லாம் துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கும்; முந்தின நாள் இரவே எண்ணெய் விட்டு ஊற வைத்தும் ஒன்று முறிந்தது. அப்புறம் ஆன்லைனில் வாங்கிய தடித்த பாரை ஏற்றி, இடது பக்க லிங்க் ராடை (பாரின் நுனியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்னக் கம்பி) மாட்டியாயிற்று. வலது பக்கம் மட்டும் பாரின் நுனி மேலே நிற்கிறது, லிங்க் ராடு கீழே நிற்கிறது. நடுவில் இரண்டு விரல் இடைவெளி. ஷெட்டுப் பையன் கடப்பாரையை விட்டு நெம்பினான். பார் ஒரு விரல் இறங்கி, மறுபடி எகிறியது.

"வேற காரோட பார்ட்டை மாத்தி அனுப்பிட்டானுங்க சார்" என்றான்.

டீக்கடையிலிருந்து வந்த மெக்கானிக் அண்ணன் குனிந்து பார்த்தார். "ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டா எப்படிடா ஏறும்?" இன்னொரு ஜாக்கியை வைத்து இடது பக்கத்தையும் அதே உயரத்துக்குத் தூக்கினார், இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்தார். போல்ட்டு விரலால் தள்ளியதற்கே உள்ளே போனது.

கடப்பாரைக்கு மசியாதது இரண்டாவது ஜாக்கிக்கு ஏன் மசிந்தது என்று புரிந்தால், இந்தப் பார் என்ன வேலை செய்கிறது என்பதில் பாதி புரிந்த மாதிரி.

பாரின் உருவம் நம் 'ப' எழுத்துதான். 'ப'வின் அடிக்கோடு காரின் குறுக்கே படுத்திருக்கும். இரண்டு ரப்பர் புஷ்கள் அதை அடிச்சட்டத்தோடு பிடித்திருக்கும், ஆனால் உருள விடும். இரண்டு கைகளும் சக்கரங்களை நோக்கி நீண்டு, லிங்க் ராடு வழியாக இரு பக்கச் சஸ்பென்ஷன் ஆர்ம்களோடு இணைந்திருக்கும். ஸ்பீடு பிரேக்கரில் நேராக ஏறினால் இரண்டு சக்கரமும் ஒன்றாக மேலே வருகின்றன. 'ப' முழுவதும் ஊஞ்சல் மாதிரி புஷ்ஷில் ஆடிவிட்டுப் போகும், அதற்கு வேலையே இல்லை. ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் கதை வேறு. ஒரு கை மேலே, ஒரு கை கீழே; நடுக்கம்பி ஈரத்துண்டைப் பிழிவதுபோல் முறுக்கப்படுகிறது. ஸ்பிரிங் ஸ்டீல் ஆயிற்றே, முறுக்கைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கும். ஏறிய பக்கத்தைக் கீழே தள்ளும், இறங்கிய பக்கத்தை மேலே இழுக்கும்.

வளைவில் திரும்பும்போது நடப்பதும் இதுதான். வெளிப்பக்க ஸ்பிரிங் அமுங்குகிறது, உள்பக்கம் தொங்குகிறது, பார் முறுக்கிக்கொண்டு கார் சாய்வதை எதிர்க்கிறது. ஷெட்டில் வலது பக்கத்தை மட்டும் தூக்கியபோது வலது சக்கரம் தொங்கியது, இடது சக்கரம் தரையில் அமுங்கி நின்றது. அதாவது நின்ற இடத்திலேயே கார் ஒரு வளைவில் இருந்தது. வளைவு கொடுக்கிற முறுக்கைப் பையன் கடப்பாரையால் கொடுக்கப் பார்த்தான், பாவம். 1919-லேயே கனடாவில் காப்புரிமை பெற்ற யோசனை இது. நூறு வருடத்துக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை.

சரி, தடித்த பார் எதற்கு? வெர்னியர் அளவுகோல் வைத்து விட்டத்தைப் பார்த்தோம். பழையது 16 மில்லிமீட்டர், புதியது 19. "மூணு மில்லிக்கா இவ்வளவு காசு?" என்று நான் கேட்டேன். கேட்ட பிறகுதான் கணக்குப் போட்டேன். உருண்டைக் கம்பியின் முறுக்கு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்பக் கூடும். 19-ஐ 16-ஆல் வகுத்து, வந்ததை நான்கு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் ஏறக்குறைய 2. மூன்று மில்லிமீட்டரில் விறைப்பு இரண்டு மடங்கு.

அதென்ன நான்காம் மடி? கம்பியை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய குழாய்களாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே இருக்கும் குழாயில் இரும்பு அதிகம், சுற்றளவு பெரியது அல்லவா. அதே முறுக்குக்கு அது உள்ளே இருப்பதைவிட அதிகமாக இழுபடுகிறது. போதாக்குறைக்கு, மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் நீளமான ஸ்பேனர் மாதிரி அதற்கு நெம்பு பலமும் கூடுதல். மூன்று ஆதாயமும் ஒன்றையொன்று பெருக்கி, எல்லாக் குழாய்களையும் கூட்டினால் நான்காம் மடி வந்து நிற்கிறது. நடுவில் இருக்கும் இரும்பு கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது. விட்டத்தில் பாதி அளவுக்குத் துளை போட்டு எடுத்துவிட்டால் எடை கால்வாசி குறையும், விறைப்போ பதினாறில் ஒரு பங்குதான் குறையும். அதனால்தான் பல பார்கள் உள்ளே பொள்ளலாக வருகின்றன.

விற்பவர்கள் "இது ஸ்பெஷல் ஸ்டீல், அதான் இவ்வளவு ஸ்டிஃப்" என்றால் தலையாட்டிவிட்டு வந்துவிடலாம். சாதா இரும்போ உயர்ந்த ஸ்டீலோ, முறுக்கு விறைப்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. நல்ல ஸ்டீல் எவ்வளவு முறுக்கினாலும் கோணாமல் பழைய நிலைக்குத் திரும்பும், சீக்கிரம் விரிசல் விடாது, காசு அதற்குத்தான். இன்னொன்று, பார் இரண்டு மடங்கு என்றால் காரின் சாய்வு பாதியாகிவிடாது. சாய்வைத் தாங்குவதில் நான்கு ஸ்பிரிங்குகளுக்கும் முன்பக்கப் பாருக்கும் பங்கு உண்டு.

மச்சான் உட்பட எல்லோரும் தடுக்கி விழும் இடம் அடுத்தது. பார் மாட்டினால் 'கிரிப்' கூடும் என்பார்கள். பார் கிரிப்பை உற்பத்தி செய்வதில்லை. பின்பக்கப் பார் என்றால், பின்பக்கம் எடுத்து முன்பக்கம் கொடுக்கிறது.

நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் டிரெய்லரை வளைவில் பார்த்திருப்பீர்கள். பாரம் உயரத்தில் இருப்பதால் வெளிப்பக்க டயர் நசுங்கும், உள்பக்க டயர் லேசாகும். காரிலும் இதே எடை மாற்றம்தான். 1200 கிலோ கார், எடை மையம் 55 செ.மீ. உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடைவெளி 150 செ.மீ., புவியீர்ப்பில் பாதி அளவு பக்கவாட்டு விசை என்றால் சுமார் 220 கிலோ உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் போகும். எந்தப் பார் போட்டாலும் இந்த 220 பெரிதாக மாறாது. அதில் முன் ஆக்ஸிலுக்கு எவ்வளவு, பின் ஆக்ஸிலுக்கு எவ்வளவு என்ற பங்கீடுதான் மாறும். பின்பக்கத்தை விறைப்பாக்கினால் பின்பக்கம் அதிகப் பங்கை வாங்கிக்கொள்ளும்.

வாங்கிக்கொண்டால் நஷ்டம். டயர் மேல் எடை இரட்டித்தால் பிடிமானம் இரட்டிக்காது. ஒரு பேச்சுக்கு, 300 கிலோ சுமையில் ஒரு டயர் 300 கிலோ பிடிக்கிறது, 450-இல் 420 பிடிக்கிறது, 150-இல் 160 பிடிக்கிறது என்று வையுங்கள். இரண்டு டயரும் சமமாகச் சுமந்தால் மொத்தம் 600. ஒன்றில் 450, ஒன்றில் 150 என்றால் 580. எடை அதேதான், பிடி 20 குறைந்துவிட்டது. இழந்தது பின் ஆக்ஸில். பங்கு குறைந்ததால் லாபம் முன் ஆக்ஸிலுக்கு.

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னால் என்பதால் வேகமாகத் திருப்பினால் மூக்கு வெளியே தள்ளிக்கொண்டு போகும். அண்டர்ஸ்டியர் என்பது அதைத்தான். கம்பெனிக்காரர்கள் தெரிந்தேதான் அப்படி வைக்கிறார்கள்: மூக்கு தள்ளினால் யாரும் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பார்கள், கார் தானாக வழிக்கு வரும். பின்பக்கப் பார் அந்தத் தள்ளலைக் குறைக்கிறது. ஸ்டியரிங் சொன்னபடி கேட்கிற மாதிரி ஒரு சுகம் வரும். நானே ஓட்டிப் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது. ஆனால் தவளக்குப்பத்தில் எல்லோரும் செய்வதுபோல் ஸ்பீடு பிரேக்கரைக் குறுக்காக ஏறினபோது இடுப்பைப் பிடித்து உலுக்கியது. ஒரு சக்கரத்தின் பள்ளத்தை இன்னொரு சக்கரத்துக்கும் சொல்லிவிடும் பார் இது.

நம்மூர் சின்னக் கார்கள் நிறையவற்றில் பின்னால் தனியாகப் பாரே இருக்காது. இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டார்ஷன் பீமே முறுக்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்யும். அதன்மேல் கூடுதல் பார் மாட்டவும் கிட் கிடைக்கிறது. கணக்கு அதேதான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கன்னியக்கோயில் பக்கம் ஒரு வளைவில் மாடு குறுக்கே வர, மச்சான் பழக்கத்தில் சட்டென்று காலை எடுத்திருக்கிறான். எடை முன்னால் சரிந்தது, ஏற்கெனவே பிடி குறைந்த பின்பக்கம் இன்னும் லேசாகி, வால் ஒரு முழம் விலகியது. நல்ல வேளை, எதிரே வண்டி இல்லை, மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. போதாததற்கு, புது டயர் இரண்டையும் முன்னால் போட்டுவிட்டுத் தேய்ந்ததைப் பின்னால் வைத்திருந்தான்.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் முதலில் டயர்களை இடம் மாற்றினார். அப்புறம் பாரின் கைகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் இரண்டு ஓட்டை. உள் ஓட்டையில் மாட்டினால் கை 20 செ.மீ., வெளி ஓட்டையில் 22.5. கை நீண்டால் விறைப்பு அதன் நீளத்தின் இரண்டாம் மடிக்கு ஏற்பக் குறையும். இங்கே குறைவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு ஜாக்கியும் போட்டு லிங்க் ராடை வெளி ஓட்டைக்கு மாற்றினார். நட்டை மட்டும் அங்கே முழுதாக இறுக்கவில்லை. தொங்கும் நிலையில் இறுக்கினால் லிங்க்கின் ரப்பர் அந்தக் கோணத்திலேயே பிடித்துக்கொள்ளும், கார் தரையில் நிற்கும்போதெல்லாம் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். காரைக் குழிக்கு மேல் நிறுத்தி, நான்கு சக்கரமும் தரையில் இருக்க, கீழே இறங்கி, அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்கினார்.

"500 கிலோமீட்டர் ஓட்டிட்டு வா, ஒரு தடவை செக் பண்ணிடலாம்" என்று மச்சானிடம் சொல்லி அனுப்பினார். அவன் இன்னும் போகவில்லை.