இரவு 3 மணிக்குச் சர்க்கரை என்ன செய்கிறது?

வளர்ந்த ஒருவரின் உடலில் ஓடும் இரத்தம் சுமார் 5 லிட்டர். அதில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் முழுவதையும் ஒன்றுசேர்த்தால் ஒரு தேக்கரண்டிதான் தேறும். ஒரு டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டால் நாலரை கிராம். மூளைக்கு மட்டுமே மணிக்கு ஏறக்குறைய 5 கிராம் வேண்டும். தூக்கத்தில் இந்தத் தேவை கொஞ்சம் குறையுமே தவிர நின்றுவிடாது. அப்படியானால் இரவு 9 மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் காலை 6 மணிக்கு எப்படி நலமாக எழுந்திருக்கிறார்?

கல்லீரல் இரவு முழுக்க வேலை செய்கிறது, அதனால்தான். அது 100 கிராம் அளவுக்குக் குளுக்கோஸைக் கிளைகோஜன் என்ற வடிவத்தில் சேமித்து வைத்திருக்கிறது. சாப்பாட்டின் சர்க்கரை தீர்ந்ததும் அந்தச் சேமிப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாக இரத்தத்தில் விடுகிறது. சேமிப்பு குறையக் குறைய, லாக்டேட், அமினோ அமிலம், கிளிசரால் ஆகியவற்றிலிருந்து புதிதாகவும் குளுக்கோஸைத் தயாரிக்கிறது. எவ்வளவு விட வேண்டும் என்பதைச் சொல்வது கணையம். சர்க்கரை இறங்கினால் கணையம், சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினைக் குறைத்து, அதைக் கூட்டும் குளுக்ககான் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். கல்லீரலின் குழாய் இன்னும் கொஞ்சம் திறக்கும். யாரும் எழுந்து பார்க்க வேண்டியதில்லை.

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவருக்கு இந்த ஏற்பாடு பாதியில் உடைந்துவிடுகிறது. சர்க்கரை இறங்குகிறதே என்று ஊசி வழியாகப் போன இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது. அது தன் நேரம் முடியும்வரை வேலை செய்துகொண்டே இருக்கும். கல்லீரலின் குழாயையும் அடைத்துவைக்கும். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிபென்கிளமைட், கிளிமிபிரைட் போன்ற மாத்திரைகளிலும் இதே சிக்கல் உண்டு. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இவற்றின் வேலை எதிர்பார்த்ததைவிட நீண்டுபோகலாம்.

பகலில் சர்க்கரை இறங்கினால் உடல் சத்தம் போடும். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பசி வாட்டும். இவற்றில் பெரும்பகுதி அட்ரீனலின் என்ற அவசர ஹார்மோன் தரும் எச்சரிக்கை. தூக்கத்தில் அந்த அட்ரீனலின் எழுச்சியே மந்தமாகிவிடுகிறது. கணையத்தால் இன்சுலினைச் சுரக்க முடியாமல் போகும் முதல் வகை நீரிழிவு வந்து சில ஆண்டுகள் ஆனவர்களுக்குக் குளுக்ககான் உதவியும் இருக்காது. அடிக்கடி சர்க்கரை இறங்கிப் பழகிய உடலோ, அடுத்த இறக்கத்தை இன்னும் தாமதமாகத்தான் உணரும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை முதல் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குக் கடுமையான இறக்கங்களைக் கணக்கெடுத்தார்கள். அவற்றில் பாதிக்கும் மேல், 55 சதவீதம், தூக்கத்தில் வந்தவை. இரவு இறக்கத்தை நான் மற்ற இறக்கங்களிலிருந்து பிரித்துப் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

முன்பெல்லாம் இதைக் கண்டுபிடிக்க இருந்த தடயங்கள் மிகக் குறைவு. நனைந்த தலையணை, காலைத் தலைவலி, கெட்ட கனவு, எழுந்தும் தீராத அசதி. விரலைக் குத்திப் படுக்கும்போது ஒருமுறையும் காலையில் ஒருமுறையும் பார்த்தால் இரண்டு புள்ளிகள் கிடைக்கும். டெசிலிட்டருக்கு 140, 125 மில்லிகிராம் என்று இரண்டும் நன்றாகவே இருக்கலாம். நடுவில் இருக்கும் எட்டு மணி நேரத்தில் சர்க்கரை 50-ஐத் தொட்டுவிட்டு வந்திருந்தாலும் அந்த இரண்டு புள்ளிகள் அதைச் சொல்லாது.

தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவி, சுருக்கமாக சி.ஜி.எம்., அந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறது. மேல்கையிலோ வயிற்றிலோ ஒட்டிக்கொள்ளும் சிறிய வில்லை அது. அதன் அடியில் முடி போன்ற மெல்லிய சென்சார் இழை ஒன்று தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டர் போய் நிற்கும். பெரும்பாலான கருவிகளில் இந்த இழையின்மேல் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதியைப் பூசியிருப்பார்கள். குளுக்கோஸ் வந்து அதைத் தொட்டதும் வேதிவினை நடந்து, மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகும். குளுக்கோஸ் கூடினால் மின்னோட்டமும் கூடும். அதை எண்ணாக மாற்றிக் கைபேசிக்கு அனுப்புவதுதான் மீதி வேலை. நொதியையும் மின்முனையையும் சேர்த்துச் சர்க்கரையை அளக்கலாம் என்ற யோசனையை லீலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் 1962-லேயே வெளியிட்டார்கள். தோலுக்கடியில் நாள்கணக்கில் தங்கி அளக்கும் கருவிக்கு அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது 1999-இல்தான். அதுவும் மருத்துவர் பிறகு பார்த்துக்கொள்வதற்கான பதிவாகவே இருந்தது. அணிந்தவர் அந்த நேரத்திலேயே எண்ணைப் பார்க்க வழியில்லை. இன்றைய கருவிகளில் 5 நிமிடத்துக்கு ஒரு அளவு என்று வைத்தாலும் நாளுக்கு 288 புள்ளிகள். தூங்கும் எட்டு மணி நேரத்துக்கு மட்டும் 96.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த இழை இரத்தத்தில் இல்லை, செல்களுக்கு இடையே இருக்கும் திரவத்தில் இருக்கிறது. இரத்தத்திலிருந்து குளுக்கோஸ் அங்கே கசிந்து வர 5 முதல் 10 நிமிடம்வரை ஆகும். சர்க்கரை நிலையாக இருக்கும்போது இந்தத் தாமதம் தெரியாது. வேகமாக இறங்கும்போது கருவி 75 என்று காட்டினால், இரத்தத்தில் அதற்குள் 65 ஆகியிருக்கலாம். ஏறும்போது இது அப்படியே தலைகீழ்.

ஆகவே எண்ணைவிட, இந்தப் புள்ளிகளை இணைத்துக் கருவி வரையும் கோட்டின் வடிவத்தைப் பாருங்கள் என்பேன். இரவுக் கோட்டில் ஒவ்வொரு காரணமும் தனக்கென்று ஒரு வடிவத்தை விட்டுச்செல்கிறது.

முதலில் பொய்யான இறக்கத்தைக் கழித்துவிடலாம். 110-இல் அமைதியாகப் போய்க்கொண்டிருந்த கோடு திடீரென்று கிணற்றில் விழுந்தது போல 55-க்கு இறங்குகிறது. கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்துவிட்டு, யாரும் எதுவும் சாப்பிடாமலே பழைய இடத்துக்கே விருட்டென்று திரும்பிவிடுகிறது. இது பெரும்பாலும் சென்சார் ஒட்டியிருக்கும் கையின்மேல் படுத்துத் தூங்கியதால் வருவது. அழுத்தத்தில் அந்த இடத்துக்கு இரத்தமும் திரவமும் வருவது குறைகிறது. இழையைச் சுற்றியிருக்கும் குளுக்கோஸ் தீர்ந்துபோகிறது. புரண்டு படுத்ததும் எல்லாம் சரியாகிவிடும். உண்மையான இறக்கம் இவ்வளவு செங்குத்தாக விழுந்து, தானாகவே இவ்வளவு நேராக ஏறுவது அரிது. சந்தேகம் வந்தால் விரலைக் குத்திப் பார்த்துவிட வேண்டும். சென்சாரை ஒட்டிய முதல் நாளில் அளவுகள் கொஞ்சம் தடுமாறும் என்பதால் அந்த இரவுக்கும் இதே விதிதான்.

படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வரும் இறக்கம் என்றால், இரவுச் சாப்பாட்டுக்குப் போட்ட விரைவு இன்சுலினைச் சந்தேகிக்கலாம். அதன் வேலை 3 முதல் 5 மணி நேரம்வரை நீடிக்கும். சாப்பிட்ட பின் சர்க்கரை கூடியிருக்கிறதே என்று 10 மணிக்கு மறுபடி ஒரு ஊசி போட்டால், முதல் ஊசியின் மிச்சமும் இரண்டாவதன் வேகமும் நள்ளிரவில் ஒன்றுசேர்ந்துகொள்ளும். படுக்கும்போது பார்த்த எண் 160 என்று தைரியம் கொடுத்திருக்கும். அந்த 160 கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருந்ததா, நின்றுகொண்டிருந்ததா என்பதை எண்ணின் பக்கத்தில் கருவி காட்டும் அம்புக்குறிதான் சொல்லும். டெசிலிட்டருக்கு நிமிடத்துக்கு 1 மில்லிகிராம் என்ற வேகத்தில் இறங்கினால் அரை மணி நேரத்தில் 30 போய்விடும்.

2 மணி, 3 மணி வாக்கில் குழிபோல ஒரு பள்ளம் விழுந்து, நாள்தோறும் அதே நேரத்தில் வந்தால் கதை வேறு. மாலையில் போடும் என்.பி.எச். என்ற, நடுத்தர நேரம் வேலை செய்யும் இன்சுலின், போட்ட 4 முதல் 10 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். அந்த உச்சம் ஆழ்ந்த தூக்கத்தில் வந்து விழுகிறது. இன்சுலினின் தேவையும் இரவின் அந்தப் பகுதியில்தான் மிகக் குறைவு. நேரத்தை மாற்றுவதோ உச்சமில்லாத நீண்டகால இன்சுலினுக்குப் போவதோ இங்கே பலன் தரும் என்று மருத்துவர் சொல்லக்கூடும்.

பள்ளமே இல்லாமல், படுத்த நேரத்திலிருந்து விடியும்வரை கோடு சரிவுப்பாதை போல ஒரே சீராக இறங்கினால் சாப்பாட்டோடு தொடர்பில்லாமல் நாள் முழுக்க வேலை செய்யும் அடிப்படை இன்சுலினின் அளவு கூடுதலாக இருக்கலாம். நல்ல அளவு என்பது இரவில் கோட்டைக் கிட்டத்தட்ட மட்டமாக வைத்திருக்க வேண்டும். 150-இல் படுத்தால் 150-ஐ ஒட்டியே எழ வேண்டும். 180-இல் படுத்து 90-இல் எழுந்து, “பரவாயில்லை, காலையில் நன்றாக இருக்கிறதே” என்று மகிழ்பவர், ஒருநாள் 120-இல் படுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது உடற்பயிற்சி விட்டுச்செல்லும் வடிவம். மாலையில் ஓடியோ விளையாடியோ முடித்தபோது சர்க்கரை நன்றாகவே இருக்கும். ஆனால் தசைகள் தங்கள் கிளைகோஜனைச் செலவழித்துவிட்டன. அதை இரத்தத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும் வேலை இரவெல்லாம் நடக்கும். இன்சுலினுக்கு உடல் காட்டும் உணர்திறனும் கூடியிருக்கும். முதல் வகை நீரிழிவு உள்ள பதின்பருவத்தினரிடம் பார்த்தபோது, பிற்பகல் பயிற்சிக்கு உடனடியாக ஒரு முறையும், 7 முதல் 11 மணி நேரம் கழித்து இன்னொரு முறையும் குளுக்கோஸ் தேவை எழும்புவது தெரிந்தது. மாலை 4 மணி ஆட்டத்தின் கணக்கு இரவு 2 மணிக்குத் தீர்க்கப்படுகிறது. விளையாடிய நாள்களின் கோடுகளையும் விளையாடாத நாள்களின் கோடுகளையும் தனித்தனியே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது பளிச்சென்று தெரியும். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் மறைந்துவிடும்.

மதுவும் இப்படித் தாமதமாகத்தான் அடிக்கும். அதை முறிக்கும் வேலையில் இறங்கிய கல்லீரலால் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்க முடியாமல் போகிறது. கிளைகோஜன் தீரும் பின்னிரவில் அது வெளிப்படும். அந்த நேரத்துக் குழப்பத்தையும் தள்ளாட்டத்தையும் பக்கத்தில் இருப்பவர்கள் போதை என்று நினைத்து விட்டுவிடுவதுதான் இதில் பெரிய ஆபத்து.

காலையில் சர்க்கரை கூடியிருந்தால், “இரவில் இறங்கியிருக்கும், அதுதான் எகிறிவிட்டது” என்று சொல்லும் வழக்கம் உண்டு. மைக்கேல் சோமோகி என்ற உயிர்வேதியியலாளர் 1930-களில் முன்வைத்த கருத்து இது. கோடுகள் கைக்கு வந்தபிறகு படம் வேறு மாதிரி தெரிந்தது. இரவில் இறங்கியவர்களின் காலைச் சர்க்கரை பெரும்பாலும் குறைவாகவே இருந்தது. காலை ஏற்றத்துக்கு வழக்கமான காரணம், விடியலுக்கு முன் சுரக்கும் கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும். இல்லையென்றால் இன்சுலின் போதாமை. ஊகத்தை நம்பி மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். 3 மணிக்குக் கோடு எங்கே இருந்தது என்று பார்த்துவிட்டாலே விடை கிடைத்துவிடும்.

சரி, அலாரம் அடிக்கிறது. என்ன செய்வது? 70-க்குக் கீழே போனால் முதல் நிலை இறக்கம், 54-க்குக் கீழே இரண்டாம் நிலை. விழித்து, விழுங்க முடிகிற நிலையில் இருப்பவர் விரைவில் கரையும் சர்க்கரை 15 கிராம் எடுத்துக்கொள்ளலாம்; குளுக்கோஸ் மாத்திரையோ சர்க்கரைத் தண்ணீரோ போதும். பிறகு 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். இங்கேதான் முன்பு சொன்ன தாமதம் விளையாடும். இரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கிய பிறகும் கருவி இன்னும் கீழேயே காட்டும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி மறுபடி சாப்பிட்டால் காலையில் 280. அந்த 15 நிமிடத்தின் முடிவில் விரலைக் குத்திப் பார்ப்பதே நல்லது. நினைவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. குளுக்ககான் மருந்தாகக் கையில் இருந்தால் கொடுத்துவிட்டு அவசர உதவியைக் கூப்பிட வேண்டும்.

அலாரத்தின் எல்லையை எங்கே வைப்பது என்பதிலும் யோசனை தேவை. 90-இல் வைத்தால் தேவையில்லாமல் அடித்து, மூன்றாவது இரவில் அதை அணைத்துவிடத் தோன்றும். 55-இல் வைத்தால் விழிப்பதற்குள் நேரம் கடந்திருக்கும். பல கருவிகளில் இன்னும் 20 நிமிடத்தில் இறங்கப்போகிறது என்று கணித்துச் சொல்லும் வசதி உண்டு; இரவுக்கு அது மிகவும் ஏற்றது. உடலுக்குள் இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் பம்ப்போடு இணைந்த கருவிகள் அந்தக் கணிப்பைக் கொண்டு இன்சுலினைத் தாங்களே நிறுத்திவைக்கின்றன. ஊசியால் முடியாத ‘திரும்ப எடுத்தல்’ ஓரளவுக்கு அங்கே கைகூடுகிறது.

ஒரு இரவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 14 நாள்களின் கோடுகளை ஒரே நாளின்மேல் அடுக்கினால், நடுவில் ஒரு கோடும் அதைச் சுற்றிப் பட்டைகளும் கிடைக்கும். இரவுப் பகுதியில் கீழ்ப்பட்டை 70-ஐத் தாண்டித் தொங்குகிறதா என்று பாருங்கள். நடுக்கோடு நன்றாக இருந்து, கீழ்ப்பட்டை மட்டும் தொங்கினால் சில இரவுகளில் மட்டும் ஏதோ நடக்கிறது என்று பொருள். 2019-இல் வெளியான உலகளாவிய பரிந்துரைப்படி, 70-க்குக் கீழே இருக்கும் நேரம் மொத்தத்தில் 4 சதவீதத்துக்கும் குறைவாக, அதாவது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். முதியவர்களுக்கும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கும் 1 சதவீதத்துக்குள். நீரிழிவே இல்லாமல் இந்தக் கருவியை ஒட்டிப் பார்ப்பவர்கள், இரவில் கொஞ்ச நேரம் 65, 68 என்று கண்டால் பதற வேண்டியதில்லை. நலமான உடலிலும் அது வருவதுதான்.

மருத்துவரிடம் போகும்போது கோடு மட்டும் போதாது, அதன் பக்கத்தில் நாலு வரிக் குறிப்பும் வேண்டும். கடைசி ஊசி எத்தனை மணிக்கு, எவ்வளவு, சாப்பாடு எப்போது, அன்று ஓடினீர்களா, மது அருந்தினீர்களா, எந்தப் பக்கம் படுத்து எழுந்தீர்கள். இதில் கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். சென்சார் இடக்கையில் இருக்க, இடப்பக்கம் படுத்த இரவுகளில் மட்டும் பள்ளம் விழுகிறது என்றால், மாற்ற வேண்டியது மருந்தை அல்ல, சென்சார் ஒட்டும் இடத்தை.