பேச்சு வருமுன்பே பிள்ளை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான்

"மிஸ், இவன் எப்போது பேசுவான்?"

நுவரெலியா மாவட்டத்தில் பேச்சு மொழிச் சிகிச்சையாளராக வேலை செய்யும் என்னிடம் வாரம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் தாய். இருட்டோடு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இறங்கி, ஈரத்தில் வழுக்கும் குறுக்குப் பாதையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருப்பார். அன்றைய பேர், அதாவது வேலைநாள் கணக்கு, போய்விட்டது. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவரிடம் "சொல்ல முடியாது" என்று சொல்ல நா எழுவதில்லை. ஆனாலும் நேர்மையான பதில் அதுதான். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலர் மூன்று வயதில் பேசுகிறார்கள், சிலர் ஏழெட்டு வயதில். சிலருக்கு வாய்ப்பேச்சு வராமலே போகலாம்.

அதனால் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: "இப்போது அவனுக்கு ஏதாவது தேவையென்றால் உங்களுக்கு எப்படித் தெரிகிறது?" முதலில் "ஒன்றும் தெரியாது மிஸ், அழுவான்" என்பார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால் ஒவ்வொன்றாக வரும். பசித்தால் தாயின் கையை இழுத்துக்கொண்டுபோய் ரொட்டித் தட்டின்மேல் வைப்பான். வானம் இருண்டாலே காதைப் பொத்திக்கொள்வான். கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தம் அவனுக்கு ஆகாது. தகப்பன் டோர்ச்சை எடுத்தால் செருப்போடு வாசல் இஸ்தோப்பில் போய் நிற்பான். இப்படிப் பத்து நிமிடம் சொல்லிக்கொண்டே போகும் அந்தத் தாய், தன் பிள்ளை எதையுமே சொல்வதில்லை என்ற நினைப்போடு என் அறைக்குள் வந்தவர்.

ஓட்டிசத்துக்கு மதியிறுக்கம் என்றும் ஒரு சொல் தமிழில் புழங்குகிறது. எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. மதி இறுகிப்போனவர்கள் என்று ஒரு கூட்டத்துக்கே பெயர் வைத்துவிட்டு அவர்களோடு எப்படி உறவாடுவது? ஓட்டிசம் என்பது மூளை வளரும் விதத்திலேயே அமைந்த வேறுபாடு. ஆயுள் முழுவதும் உடன் இருப்பது. உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டுக்குச் சொல்லும் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு இது உண்டு. இலங்கையில் நகரை அண்டிய ஒரு பகுதியில், ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட 374 குழந்தைகளைப் பரிசோதித்த ஆய்வு 2009இல் வெளியானது. அதில் 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு வந்தது. அந்த ஆய்வில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. மேற்கு நாடுகளில் பயன்படும் கேள்விப் பட்டியலைப் பெற்றோரிடம் கொடுத்தபோது, ஓட்டிசம் உள்ள நான்கு குழந்தைகளில் ஒருவரைத்தான் அது காட்டிக்கொடுத்தது. கேள்வி நம் தாய்மாரின் வாழ்க்கையைத் தொடவில்லை. பிற்பாடு பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவரோடு சேர்ந்தவர்களும் படங்களைக் காட்டிக் கேட்கும் மதிப்பீட்டு முறை ஒன்றை இந்த நாட்டுக்கென்றே உருவாக்கினார்கள். நானும் என் மேசையில் படங்களைத்தான் பரப்புகிறேன். "உங்கள் மகன் ஆர்வத்தைப் பகிர்ந்துகொள்கிறானா?" என்றால் வெறித்துப் பார்க்கும் தாய், விரல் நீட்டிக் காட்டும் பிள்ளையின் படத்தைப் பார்த்ததும் "இப்படிச் செய்யவே மாட்டான் மிஸ்" என்கிறார்.

யார்மீது பழி போடுவது என்ற தேடல் எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்காவில் ஒரு காலத்தில் தாயின் அன்பற்ற குளிர்ந்த மனம்தான் காரணம் என்று மருத்துவர்களே எழுதினார்கள். ஓட்டிசம் உள்ள மகனின் தகப்பனான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964இல் அதை எதிர்த்து எழுதவேண்டியிருந்தது. நம் தோட்டங்களில் செய்வினை, கைபேசி, தடுப்பூசி என்று பழி சுற்றிவந்து கடைசியில் தாயின் தலையிலேயே இறங்குகிறது. தடுப்பூசியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: சந்தேகத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் மீளப்பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியான ஆய்வு எந்தத் தொடர்பையும் காணவில்லை. தயவுசெய்து ஊசியை நிறுத்தாதீர்கள்.

இனி ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆறு வயது. பேச்சு இல்லை. நாள் முழுவதும் பீலிக்கரையில் இருப்பான். பீலியிலிருந்து விழும் தண்ணீரில் நடுவிரலை மட்டும் நீட்டி, நீர் இரண்டாகப் பிரிந்து விழுவதைப் பார்ப்பான். தூக்கிக்கொண்டு வந்தால் அலறுவான், கையைக் கடித்துக்கொள்வான். தண்ணீர்ப் பைத்தியம் என்று லயமே சொன்னது. நான் அந்த வீட்டுக்குப் போயிருந்த நாளில் அவனுடைய அப்பாயி என்னைக் கரைக்கு அழைத்துப்போனார். நாற்பது வருடம் கொழுந்தெடுத்துக் கறுத்து வெடித்த விரல் அவருடையது. ஒன்றும் பேசாமல் பேரனுக்குப் பக்கத்தில் குந்தி, அவனைப்போலவே விரலை நீட்டினார். தண்ணீர் இப்போது மூன்றாகப் பிரிந்தது. பையன் அந்த விரலைப் பார்த்தான். பிறகு அப்பாயியின் முகத்தைப் பார்த்தான். மெல்ல அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்திவைத்தான்.

நான் நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்ததை அந்த மூதாட்டி யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்தார். ஆய்வாளர் டைனா மரே உள்ளிட்ட மூவர் 2005இல் எழுதிய கட்டுரையொன்று, ஓட்டிசம் உள்ளவரின் கவனம் பல பக்கம் சிதறாமல் ஒரே ஓடையாக ஆழ்ந்து பாய்வது என்று விளக்குகிறது. அந்த ஓடையை வெட்டி வெளியே இழுத்தால் வலிக்கும். உள்ளே இறங்கிப் பக்கத்தில் உட்காருபவருக்கு இடம் கிடைக்கும்.

நான் இதற்கு நேர்மாறாக நடந்த காலம் ஒன்று உண்டு. வேலைக்கு வந்த புதிதில், பிஸ்கட்டை என் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு "என்னைப் பார், பார்த்தால்தான் தருவேன்" என்று பிள்ளைகளைப் பழக்கினேன். பார்த்தார்கள். தாய்மாருக்கு மகிழ்ச்சி. வளர்ந்த பிறகு தங்கள் அனுபவத்தை எழுதிய ஓட்டிசம் உள்ளவர்களை வாசித்தபோதுதான், கண்ணைப் பார்க்கும்போது காது அடைத்துப்போகிறது, பார்ப்பதும் கேட்பதும் ஒரே நேரத்தில் முடியவில்லை என்று பலர் சொல்வதை அறிந்தேன். நான் கேட்கவைக்கிறேன் என்று நினைத்து, கேட்பதைக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அந்தப் பழக்கத்தை விட்டுப் பல வருடங்களாகின்றன.

ஓட்டிசம் உள்ளவரான சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஓட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர் மனம் புரிவதில்லை என்று இத்தனை காலம் சொல்லிவந்தோமே, மற்றவர்களுக்கு அவர்கள் மனம் புரிகிறதா? புரியாமை இரு பக்கமும் இருக்கும்போது குறையை ஒரு பக்கத்தில் மட்டும் எழுதிவைப்பது எப்படி நியாயம்? இதை 2020இல் எடின்பரோவில் சோதித்துப் பார்த்தார்கள். கொழுந்து நிரையில் ஒரு செய்தி ஆளுக்கு ஆள் கடந்துபோவதைப்போல, எட்டுப் பேர் கொண்ட வரிசையில் ஒரு கதையை ஒருவர் மற்றவருக்குச் சொல்லவேண்டும். மொத்தம் 72 பேர். ஓட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசையில் கதை, ஓட்டிசம் இல்லாதவர்கள் மட்டுமே இருந்த வரிசையைப்போலவே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இரு சாராரும் கலந்திருந்த வரிசையில்தான் தேய்ந்தது. 311 பேரை வைத்து 2025இல் வெளியான பெரிய ஆய்வில் கலப்பு வரிசைகளில்கூட அந்தத் தேய்வு தென்படவில்லை. முதல் முடிவை அப்படியே பிடித்துக்கொள்ளக்கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன். இரண்டு ஆய்விலும் மாறாதது ஒன்று: செய்தி சொல்வதில் ஓட்டிசம் உள்ளவர்கள் சளைக்கவில்லை.

அப்படியானால் எங்கே இடறுகிறது? 2017ஆம் ஆண்டு ஆய்வொன்றில், முன்பின் அறியாதவர்களுக்குச் சில நொடிக் காட்சிகளைக் காட்டினார்கள். ஓட்டிசம் உள்ளவர் பேசுவதைப் பார்த்த உடனேயே, இவரோடு பழகவேண்டாம் என்ற எண்ணம் பலருக்கு வந்தது. அதே பேச்சை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த விலக்கம் காணாமல் போனது. சொன்ன சொல்லில் குறையில்லை. குரலின் ஏற்ற இறக்கத்தையும் கை அசைவையும் பார்த்தே தள்ளிவைத்துவிடுகிறோம்.

இப்படித் தள்ளிவைக்கப்படாமலிருக்க என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதை என்னிடம் வந்த ஓர் இளம்பெண் சொன்னார். பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கொழும்பில் கடையொன்றில் வேலை. எல்லாரும் சிரிக்கும்போது தானும் சிரித்துவிட்டு, எதற்குச் சிரித்தோம் என்று இரவில் யோசிப்பாராம். விடுதி அறைக்குத் திரும்பியதும் விளக்கைப் போடாமல் இரண்டு மணிநேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாராம். "நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை என்றுதான் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சொன்னார்கள்" என்றார். தன்னை மறைத்து வாழும் இந்தப் பழக்கத்துக்கும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்துக்கும் தொடர்பிருப்பதை 2018இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கிடைக்காத உதவியும் அதே பட்டியலில் இருந்தது. நம் பெண்பிள்ளைகளின் அமைதியைப் புகழ்வதற்கு முன் ஒரு நிமிடம் நின்று பார்க்கவேண்டியிருக்கிறது.

மலையகத்துக்கென்றே ஒரு தனிக் கவலை எனக்கு உண்டு. வீட்டில் தமிழ், கிளினிக்கில் சிங்களம், முன்பள்ளியில் ஆங்கிலப் பாட்டு. "பிள்ளை குழம்புகிறான், ஒரே மொழியில் பேசுங்கள்" என்ற அறிவுரையை யாரோ எங்கோ கொடுத்துவிடுகிறார்கள். தாய் தனக்கு வராத மொழியில் நான்கு சொல்லை வைத்துக்கொண்டு பிள்ளையை வளர்க்கப் பார்க்கிறார். தாலாட்டு நின்றுபோகிறது, திட்டுவதுகூட நின்றுபோகிறது. கனடாவில் 75 ஓட்டிசப் பிள்ளைகளைப் பார்த்து 2012இல் வெளியான ஆய்வில், இரு மொழி கேட்டு வளர்ந்தவர்கள் ஒரு மொழிப் பிள்ளைகளைவிடப் பிந்தியிருக்கவில்லை. உங்களுக்கு நன்றாக வரும் மொழியில், வாய் நிறையப் பேசுங்கள் என்பதே என் அறிவுரை.

தேவையைச் சொல்லப் பட அட்டைகளைக் கொடுத்தால் பிள்ளை சோம்பேறியாகி வாய் திறக்கவே மாட்டான் என்ற பயமும் அப்படித்தான். படம், சைகை போன்ற மாற்று வழிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான மீளாய்வில், நம்பகமாகக் கணிக்க முடிந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, பெரும்பாலானோருக்குக் கூடியிருந்தது. நான் முதலில் கொடுக்கும் அட்டை சாப்பாட்டுக்கானதோ தண்ணீருக்கானதோ அல்ல. அவற்றை எப்படியாவது கேட்டுவிடுவார்கள். "போதும்" என்ற அட்டையைத்தான் கொடுப்பேன். கையைக் கடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு அதைவிட அவசரமான சொல் வேறில்லை.

பள்ளிக்கூட விடயத்தை நீட்ட விரும்பவில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக்கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. "இவனை இங்கே வைத்துக்கொள்ள முடியாது" என்று யாராவது சொன்னால் அந்தச் சட்ட இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போய்ப் பணிவாகக் கேளுங்கள். போகும்போது பிள்ளையைப் பற்றி ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: எந்தச் சத்தம் ஆகாது, எதைக் கண்டால் அமைதியாவான், தேவையை எப்படிக் காட்டுவான். நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியைக்கு அந்தத் தாள் பெரிய உதவி.

பீலிக்கரைப் பையனின் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா வந்தது. தப்பு மேளச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய்ச் சுவரில் தலையை மோதுகிறவன் அவன். முந்தைய வருடம் "சாமி அவனுக்கு ஆகவில்லை" என்று சொல்லி வீட்டைப் பூட்டி உள்ளே வைத்திருந்தார்கள். அவனோடு தாயும் உள்ளே. இந்த முறை அப்பாயி கோயில் கமிட்டியிடம் போய், தேர் எத்தனை மணிக்கு எந்த லயத்துக்கு வரும் என்று கேட்டு வைத்துக்கொண்டார். தப்படிப்பவர்களிடமும் பேசினார், தங்கள் லயத்து முன்னால் வரும்போது அடியை நிறுத்திக்கொள்ளச் சம்மதித்தார்கள். சத்தம் தொடங்குமுன்பே பேரனைக் கூட்டிக்கொண்டு மேல் டிவிசன் மேட்டுக்கு ஏறிவிட்டார். தாய் மூன்று வருடத்துக்குப் பிறகு தேரோடு நடந்தார்.

மேட்டிலிருந்து பார்த்தால் தேரின் விளக்குகள் தேயிலைக்கு நடுவே மெதுவாக ஊர்ந்து போவது தெரியும். பையன் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தானாம். பனி இறங்கத் தொடங்கியதும் அப்பாயியின் உள்ளங்கையைத் திறந்து "போதும்" அட்டையை வைத்தான். இருவரும் டோர்ச் வெளிச்சத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தார்கள்.