கத்தரிக்காய் மேல் ஏன் பழி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வீடுகளுக்கு நடுவே இருப்பது பலகைச் சுவர்தான். அடுத்த வீட்டு மாமா இரவு இரண்டு மணிக்குச் சொறிந்துகொள்ளும் சத்தம் எங்கள் படுக்கை வரை கேட்கும், காய்ந்த ஓலையை நகத்தால் கீறுவதுபோல. பல வருடமாக அவருக்கு முழங்கையிலும் கால்களிலும் சொரியாசிஸ், தோல் அழன்று செதில் செதிலாக உரியும் நோய். பகலில் அவர் சொறிந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அத்தையைக் கேட்டால், “கருவாடும் கத்தரிக்காயும் கரப்பான் பண்டம், அரிப்பைக் கிளப்பும், சொன்னால் கேட்டால்தானே?” என்பார். மதியம் தின்ற கத்தரிக்காய் இரவு இரண்டு மணி வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்?

மாமா இளமையில் ரப்பர் பால் வெட்டியவர். விடியும் முன் மரத்துக்குள் நீரழுத்தம் கூடியிருக்கும், கீறினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கினால் ஓட்டம் தளர்ந்துவிடும். தோலுக்கும் இப்படி ஒரு நேரக்கணக்கு உண்டு என்று அவரிடம் சொன்னேன். தூக்கம் வர வேண்டுமானால் உடலின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். அந்தச் சூட்டை வெளியே தள்ளுவதற்காக மாலை மயங்கியதும் தோலின் இரத்தக்குழாய்கள் விரிகின்றன. உள்ளே குளிர்கிறது, மேலே தோல் சூடாகிறது. அழற்சி கண்ட தோலில் சூடு பட்டால் அரிப்பு கிளம்பும். ஆக, நம்மைத் தூங்கவைக்க உடல் செய்யும் ஏற்பாடே அரிப்பையும் எழுப்பிவிடுகிறது.

அழற்சியை அடக்கிவைக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோனும் காலையில் உச்சத்தில் இருந்து, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது. தோல் வழியாகக் கசிந்துபோகும் ஈரமும் இரவில் அதிகம். எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ளவர்களின் தோலோ ஏற்கெனவே ஒழுகும் கூரை. அவர்களுக்கு நோய் எதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் இன்டர்லூகின்-31 போன்ற புரதங்கள் நரம்பு முனைகளையே நேராகத் தூண்டுகின்றன. பகலில் வேலையும் பேச்சும் மறக்கடித்த அரிப்பு, விளக்கணைந்ததும் தனியாக நம்மிடம் மாட்டிக்கொள்கிறது.

சொறியத் தூண்டும் வேண்டாத உணர்வே அரிப்பு என்று 1660இல் சாமுவேல் ஹாஃபென்ரெஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதினார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை. சொறியும்போது உண்டாகும் சிறு வலி அரிப்பை ஒரு கணம் அமுக்குகிறது, அதனால்தான் அத்தனை சுகம். ஆனால் அந்த வலியைத் தணிக்க மூளை செரோடோனின் என்ற வேதிப்பொருளை அனுப்ப, அதுவே தண்டுவடத்தில் அரிப்பு நரம்பணுக்களை இன்னும் முறுக்கிவிடுகிறது. எலிகளை வைத்து இதைக் கண்டறிந்திருக்கிறார்கள். கை சொறிய, அரிப்பு ஏற, மறுபடி கை போகும்.

தூங்கிவிட்டாலும் கை ஓய்வதில்லை. மேலோட்டமான தூக்கத்தில் சொறிவது அதிகம், ஆழ்ந்த தூக்கத்தில் குறைவு. சொறிவதோ ஆழத்திலிருந்து மேலே இழுத்துவிடும். எட்டு மணி நேரம் படுத்தும் அசதி தீரவில்லை என்று மாமா சொல்வது இதனால்தான். தூக்கம் கெட்டால் உடலில் அழற்சி கூடும், அழற்சி கூடினால் மறுநாள் இரவு இன்னும் மோசம்.

மாமா நம்பியிருந்தது குளோர்ஃபெனிரமின் மாத்திரையை. அது ஒவ்வாமையின்போது உடலில் சுரக்கும் ஹிஸ்டமினைத் தடுப்பது. இந்த அரிப்பில் ஹிஸ்டமினின் பங்கு சிறிது. அது தந்ததெல்லாம் மயக்கம்தான். வேலைக்குப் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டில் நிற்கும்போதும் அவருக்குக் கண் சொருகும். பலன் கொடுத்தது டாக்டர் எழுதித் தந்த, அழற்சியைத் தணிக்கும் களிம்பும், அதிகச் சூடில்லாத நீரில் குளித்து ஈரம் காயுமுன் பூசிய வாசனையில்லாத கிரீமும். கனத்த போர்வை போய் மெல்லிய பருத்திக் கைலி வந்தது. காற்றாடி விடியும் வரை ஓடுகிறது.

இப்போது பலகைக்கு அப்பால் கேட்பது குறட்டை, நடுநடுவே சில நொடி நிசப்தம். சொரியாசிஸ் உள்ளவர்களிடம் தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு கூடுதலாகக் காணப்படுகிறது. அடுத்த முறை கிளினிக் போகும்போது அதையும் டாக்டரிடம் சொல்லும்படி அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். அவர் கருவாட்டைத்தான் சந்தேகப்படுகிறார்.